வயிற்றில் தெரிந்த ஜரிகைக் கட்டம்

எனக்கு எட்டு வயதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கவலை, நான் வெளிக்குப் போனேனா இல்லையா என்பதுதான். பள்ளிக்கூடக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அங்கே அடக்கி அடக்கி, பிறகு வீட்டிலும் வராமல் போயிற்று. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விளக்கெண்ணெய் கொடுத்தார்கள், திராட்சை ஊறவைத்துக் கொடுத்தார்கள். வயிறு கல்லாகவே இருந்தது. அம்மா அதைத் தடவிப் பார்க்கும்போதெல்லாம் முகம் வெளுத்துவிடுவாள். என் சித்தி வயிற்றில் கட்டி வந்து செத்துப்போய் அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

எக்ஸ்ரே எடுக்கப் போன அன்று காலையில் அம்மா பீரோவைத் திறந்து பட்டுப்பாவாடையை எடுத்தாள். தறியில் மிஞ்சிய பாவு நூலில் அப்பா எனக்காக நெய்தது, உடம்பெல்லாம் ஜரிகைக் கட்டம். பங்குனி உத்திரத்துக்குத்தான் என்று, நான் கெஞ்சியும் தராமல் பூட்டி வைத்திருந்தவள், அன்று கேட்காமலே கட்டிவிட்டாள். எனக்கு வாயெல்லாம் பல்.

"செயின், ஊக்கு ஏதாச்சும் போட்டுக்கினு இருக்குதாம்மா?" என்று எக்ஸ்ரே எடுப்பவர் கேட்டார்.

"ஒண்ணும் இல்லப்பா, நாடா வெச்ச பாவாடைதான்" என்றாள் அம்மா.

டாக்டரம்மா படத்தை விளக்கில் வைத்தார். என் வயிற்றில் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளைக் கோடுகள். அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். "ஆபரேஷன் பண்ணணுமாம்மா?" என்று கேட்டார் அப்பா.

டாக்டரம்மா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "ஐயோ, இது ஜரிகைம்மா! பாவாடையோட எடுத்துட்டாங்க."

ஒவ்வொரு கட்டமாகத் தறியில் போட்ட மனுஷனுக்கே அது அடையாளம் தெரியவில்லை.

ஆஸ்பத்திரித் துணியைக் கட்டி மறுபடி எடுத்தார்கள். "கட்டி கிட்டி ஒண்ணும் கிடையாது. குடல் முழுக்க மலம் தேங்கியிருக்குது, அவ்ளோதான். ஏம்மா, நீ ஸ்கூல்ல போறதில்லையா?"

அப்போதுதான் தாழ்ப்பாள் சமாச்சாரம் வெளியே வந்தது. "இதுக்காடி இந்தப் பாடு படுத்துன!" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்துவிட்டு, என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். வரும் வழியில் அப்பா ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு தாழ்ப்பாளும் வாங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பாவாடையை அவிழ்த்து மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். "பங்குனிக்குக் கட்டிக்கலாம். வயசு கெடக்குது உனக்கு" என்று சிரித்தாள். நான் காலை உதைத்துக்கொண்டு அழுதேன். பண்டிகையே இல்லாத நாளில் அதை ஏன் எடுத்தாள், திரும்பப் பூட்டும்போது ஏன் அவ்வளவு சந்தோஷப்பட்டாள் என்பது எனக்குப் புரிய, நானும் ஒரு பிள்ளையைப் பெறவேண்டியிருந்தது.