மணியண்ணையின் மஞ்சள் பஸ்

2013 ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, பாரிசின் லா சப்பல் பகுதியில் ஒரு சின்ன நூலகத்தில் பத்திரிகைப் படக்கதைகளின் கண்காட்சி நடந்தது. நான் எட்டாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவள். நூலகத்துக்குள் கால் வைத்ததே மணியண்ணையால்தான்.

நானும் அவரும் ரூ பெர்தொனே தெருவில் ஒரே சாப்பாட்டுக் கடையில் வேலை. நான் ரோல்ஸ் சுற்றுவேன், அவர் கோப்பை கழுவுவார். வருகிற செவ்வாய் அவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை நேர்முகம். அது சரிவந்தால்தான் பாஸ்போர்ட். பாஸ்போர்ட் வந்தால்தான் திருச்சியில் படுக்கையில் கிடக்கும் அம்மாவைப் போய்ப் பார்க்கலாம்.

அவர் பிரெஞ்சு படித்தது, சாப்பிட வருகிறவர்கள் மேசையில் விட்டுப்போகும் பேப்பரில் வந்த படக்கதையைப் பார்த்து. நாலு கட்டம், மூன்று குறும்புக்காரப் பிள்ளைகள். "பிரெஞ்சுக் குடும்பம் எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தண்ணி பட்ட பாடு, பிள்ளை. கேள்வி கேக்கட்டும்" என்பார். அந்தக் கதையும் கண்காட்சியில் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் என்னையும் இழுத்தார்.

நான் இருக்கும் பொண்டியிலிருந்து ஆர்.இ.ஆர். ரயில் பிடித்தால் மஜெந்தா ஸ்டேஷனுக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. ஆர்ஜொந்தெயிலிருந்து வருகிறவர்கள் மணியண்ணை மாதிரி சென் லசாரில் மாறி, ஒரு தரிப்பு வரலாம். பிறகு பத்து நிமிட நடை. நுழைவு இலவசம். வழியில் பிளேன்டீ ஒரு யூரோ. அதை நான்தான் கொடுத்தேன், எழுதி வைக்கிறேன்.

முதல் சுவரில் பழுத்துப்போன பேப்பர்கள். அங்கே வேலை செய்கிற பிள்ளை பிரெஞ்சில் விளக்கினாள், நான் தமிழாக்கினேன். அந்தக் கதை அமெரிக்காவில் தொடங்கியதாம், எங்கள் அப்பாமார் பிறக்க முன்னமே. படம் கீறியவர் செத்ததும் அவருடைய உதவியாள் கீறினார். அவருக்குப் பிறகு இன்னொருவர். கார் மாறியது, டெலிபோன் மாறியது, பிள்ளைகளுக்கு மட்டும் பத்து வயது தாண்டவேயில்லை. பிரெஞ்சில் வந்தது மொழிபெயர்ப்பு.

"அமெரிக்காவோ?" மணியண்ணையின் முகம் விழுந்துவிட்டது.

"பின்னை? கதையிலை வாற மஞ்சள் பள்ளிக்கூட பஸ்ஸை இஞ்சை எங்கையாவது கண்டனீங்களோ அண்ணை?"

"அது பாரிசுக்கு வெளியிலை ஓடுதாக்கும் எண்டு நினைச்சன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. "அப்ப வான்கோழி வெட்டுற பண்டிகையும் அமெரிக்காக்காரற்றைதானே, அதைப் பாடமாக்கி வச்சிருக்கிறன். செவ்வாய்க்கிழமை என்னத்தைச் சொல்லுறது?"

கடைசிச் சுவருக்கு முன்னால் கிடந்த நீள வாங்கில் போய் இருந்தார். புத்தம் புதிதாகக் கீறிய படம், அதே சின்னப் பிள்ளைகள். "அம்மாவும் இப்பிடித்தான் பிள்ளை" என்றார். "போனிலை இண்டைக்கும் ரோட்டைப் பாத்துக் கட எண்டுதான் சொல்லுவா. நான் வெளிக்கிட்ட வயசிலையே நிக்கிறன் அவவுக்கு." நானும் பக்கத்தில் போய் இருந்தேன்.

"அண்ணை, உங்கடை மாடிக் கட்டடத்திலை பொடியள் இல்லையோ? செவ்வாய்க்கிழமை அதுகளைச் சொல்லுங்கோ."

செவ்வாய் பின்னேரம் கடைக்கு வந்தவர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டுதான் வாய் திறந்தார். இங்கே பிள்ளைகள் எப்படிப் பொழுதைப் போக்குகிறார்கள் என்று நேர்முகம் செய்த பெண் அதிகாரி கேட்டாராம். படிக்கட்டில் பந்தடிப்பது, கீழ்வீட்டுக்காரி கத்துவது, நாலரைக்குப் பாணுக்குள் சொக்லட் வைத்துத் தின்பது, பக்கத்து வீட்டு மாலி நாட்டுப் பொடியன் வெறும் தட்டோடு வந்து வடை கேட்பது, எல்லாம் சொன்னாராம். பிரெஞ்சு எங்கே படித்தீர்கள் என்றதற்கு, "மூண்டு அமெரிக்கப் பொடியளிட்டை" என்றாராம். அதிகாரி பேனையை வைத்துவிட்டுச் சிரித்தாராம்.

போகிறவர்களுக்கு: அந்தக் கண்காட்சி முடிந்துவிட்டது, நூலகம் இருக்கிறது. திங்கட்கிழமை பூட்டு. மொழி தெரியாவிட்டாலும் படம் பார்க்கலாம், யாரும் எழும்பிப் போகச் சொல்ல மாட்டார்கள். நேர்முகத்துக்குப் போகிறவர்கள் பேப்பரையும் பாருங்கள், படிக்கட்டையும் பாருங்கள்.

பாஸ்போர்ட் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. திருச்சியில் இறங்கிய அன்றே மணியண்ணை போன் எடுத்தார். அம்மா அவருடைய நரைத்த தலையைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாவாம்: "ஏன்ரா, எங்கை போய் மாவுக்கை விழுந்தெழும்பினனி?"