பெரும்பாடு என்று வந்த வீரம்மாள்

நான் தாலுகா ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்த புதிது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் என்று நினைவு. மார்க்கையன்கோட்டையிலிருந்து வந்த மாட்டுவண்டியில் வீரம்மாள் வெளுத்துப்போய்க் கிடந்தாள். சேலையெல்லாம் ரத்தம்.

"பெரும்பாடு நர்சம்மா. தீட்டு மாசக்கணக்கா நிக்கல," என்றார் புருஷன்.

அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுச் சேலையை விலக்கினேன். ரத்தம் வந்தது ஆசனவாயிலிருந்து. அவள் என் கையை இறுகப் பிடித்தாள்.

"அவுககிட்ட சொல்லிராதீக. மூலம்னு தெரிஞ்சா காரம் வைக்கிறவன்கிட்ட கூட்டிட்டுப் போயிருவாக. எங்கண்ணன் அவன்கிட்ட போயித்தேன் புண்ணு அழுகிச் செத்தாக."

மூலச் சதையைக் கருக்க அந்த ஆள் என்ன கார மருந்து பூசினானோ, அவளுக்குத் தெரியவில்லை. அண்ணன் அலறியது மட்டும் காதிலேயே இருந்தது.

டாக்டரிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது. "இவ்வளவு ரத்தம் போயிருக்கு. உள்ளே கட்டி இருந்தாலும் இருக்கும். பாக்காம மூலம்னு சொல்லக்கூடாது," என்றார்.

"ஏம்மா, வெளிக்குப் போகும்போது சதை வெளிய வருதா?" என்று அவளிடம் வந்து கேட்டார்.

"வருது சாமி."

"கையால தள்ளணுமா?"

"இல்ல, தானா உள்ள போயிரும். அறுத்துருவீகளா?"

டாக்டர் விரலால் சோதித்தார். பிறகு ஆசனவாய்க்குள் பார்க்கும் ப்ராக்டோஸ்கோப் குழாயை வைத்து வெகுநேரம் பார்த்தார். வீரம்மாள் என் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

"கட்டி இல்ல. ரெண்டாம் டிகிரி பைல்ஸ். ரத்தம் மட்டும்னா முதல் டிகிரி. கையால தள்ளினாத்தான் உள்ள போகும்னா மூணாவது. அதுக்குத்தான் நூலால முடிஞ்சு அறுக்கணும். இதுக்கு ஊசி போதும்மா."

மூலச் சதை சுருங்குவதற்காக, பாதாம் எண்ணெயில் கார்பாலிக் மருந்தைக் கொஞ்சம் கலந்து ஊசி போட்டார். குடிக்க இரும்புச்சத்து மிக்ஸ்சர், மலம் இளக மருந்து. ஆனால் அவள் சாப்பிட மறுத்தாள். சாப்பிட்டால் வெளிக்குப் போக வேண்டும், போனால் ரத்தம் வரும் என்ற பயம். கெஞ்சிக் கஞ்சி ஊட்டினேன். அவள் கக்கூசுக்குப் போகும்போதெல்லாம் நான் கதவுக்கு வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஒருநாள் உள்ளிருந்து, "நர்சம்மா!" என்று கத்தினாள். ஓடினேன்.

"ஒரு சொட்டுகூட இல்ல நர்சம்மா," என்று சுவரில் சாய்ந்து அழுதாள்.

ரத்தம் நின்றுவிட்டதால் இனிப் பயமில்லை என்று, புருஷனிடம் டாக்டரே எல்லாவற்றையும் சொன்னார். அந்த மனுஷன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "எங்கிட்ட சொல்லவே பயந்திருக்காளே," என்றார்.

அதன்பிறகு ரத்தப்போக்கு என்று எந்தப் பெண் வந்தாலும், கூட வந்தவர்களை முதலில் வெளியே அனுப்புவேன். எங்கிருந்து வருகிறது என்று அவளிடமே கேட்பேன். நோயைவிட வைத்தியத்துக்குப் பயந்து மறைப்பவர்கள் உண்டு. வாய்விட்டுச் சொல்ல அவர்களுக்கு ஓர் இடம் வேண்டும்.