நான் திறந்து பார்க்காத பக்கம்

மதுரை கோச்சடையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வெப் டிசைன் சொல்லித் தருகிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் எல்லோரும் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள், நானும் சிரித்துக்கொள்வேன். அந்த அக்கா விஷயத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

பேரையூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் படிக்க வந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அக்கா என்பேன், அவர் என்னை மிஸ் என்பார்.

"வேலை கெடச்சிட்டா மகள மதுரையிலயே பள்ளிக்கூடத்துல சேத்துருவேன் மிஸ்" என்று முதல் நாளே சொன்னார்.

எங்கள் சென்டரில் ஒரு வழக்கம். ரெக்கார்டு நோட்டில் எல்லாப் பக்கத்திலும் ஆசிரியர் கையெழுத்து விழுந்திருந்தால்தான் வேலைக்கான இன்டர்வியூவுக்குப் பெயர் போகும்.

மகளுக்குக் காய்ச்சல் என்று அவர் இரண்டு நாள் வரவில்லை. வெப் பக்கத்தை உருவாக்கும் கட்டளைகளான HTML டேக்குகளை நான் போர்டில் எழுதிப் போட்டது அந்த இரண்டு நாளில்தான். "பாடத்த நம்ம வெப் பேஜ்ல போட்ருக்கேன், அதப் பாத்து எழுதிட்டு வாங்கக்கா" என்று போனில் சொன்னேன்.

எழுதி வந்தார். அச்சடித்த மாதிரி கையெழுத்து. ஆனால் ஒரு டேக் கூட இல்லை. 'பெரிய தலைப்புக்கு' என்று இருக்கும், கொஞ்சம் வெற்றிடம், பிறகு 'என்று எழுதவும்'. பக்கம் பக்கமாக இதே கதை. நோட்டு கொடுக்க அன்றைக்குத்தான் கடைசி நாள். எனக்குச் சுள்ளென்று வந்தது.

"ஏங்க்கா, பாத்து எழுதக்கூடவா முடியாது? முக்கியமானத எல்லாம் விட்டுட்டு மிச்சத்த எழுதி வச்சிருக்கீங்க!"

"அதுல அம்புட்டுத்தான் மிஸ் இருந்துச்சு."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. சிவப்பு மையில் ஒவ்வொரு பக்கத்தையும் அடித்துக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. அவர் பெயர் இல்லாத பட்டியலை நானே டைப் செய்து அனுப்பினேன்.

அடுத்த பேட்ச் தொடங்கியதும் அந்த வெப் பக்கத்தைப் புரொஜெக்டரில் திறந்தேன். டேக் ஒன்றையும் காணோம், எல்லா இடத்திலும் வெற்றிடம். அடிப்பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். ஒரு டேக்கை வெப் பக்கத்தில் எழுத்தாகக் காட்ட வேண்டுமென்றால், அதன் தொடக்கக் குறிக்குப் பதிலாக < என்று எழுத வேண்டும். இல்லையென்றால் பிரௌசர் அதைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு மறைத்துவிடும். இது எனக்குத் தெரியாததா? அவசரத்தில் எழுதி ஏற்றியவள், ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. திருத்தப் பத்து நிமிடம்தான் ஆனது.

மதியம் அவருக்குப் போன் செய்தேன். "அக்கா, நீங்க எழுதுனது சரிதான். தப்பு என்னோடது. மன்னிச்சிருங்கக்கா."



"நெசமாவா மிஸ்? என் கண்ணுலதான் கோளாறுன்னு ஆஸ்பத்திரியில போயிக் காட்டுனேன். கண்ணு நல்லாத்தான் இருக்குன்னுட்டாக."

"திரும்ப வாங்கக்கா. அடுத்த இன்டர்வியூவுக்கு உங்க பேரத்தான் மொதல்ல போடுவேன்."

"இல்ல மிஸ், புள்ளய இங்க பேரையூர்லயே பள்ளிக்கூடத்துல சேத்துட்டேன். ஒண்ணு மட்டும் செய்யிங்க. அன்னைக்கு வகுப்புல இருந்தவங்ககிட்ட, நான் சரியாத்தான் எழுதுனேன்னு சொல்லிருங்க."

சொல்றேன்க்கா என்றேன். அக்காவோடு படித்த பேட்ச் முடிந்து, எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் போய் ஒரு மாதமாகியிருந்தது.