லாங் ஐலண்டில் எல்லோருக்கும் ஒரே ஃபோன் நம்பர்

கடல் சாதுவாக இருக்கும் மாதம் என்பதால் பிப்ரவரியில் அந்தமானின் லாங் ஐலண்டுக்குப் போனேன். லாலாஜி பே கடற்கரை பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் நான் அதற்காகப் போகவில்லை. அங்கே பள்ளியில் வேலை பார்க்கும் என் அக்கா செண்பகம், ஃபோனில் எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கேன்டி" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள். அவளை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அவள் மழையைப் பற்றிப் பேசினால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

வழி கேட்பவர்களுக்கு: என் வீடு போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில். ராங்கட் பஸ் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடும். தூரம் சுமார் நூற்றெழுபது கிலோமீட்டர், டிக்கெட் முந்நூறு ரூபாய்க்குள். ஜாரவா பழங்குடியினர் வாழும் காட்டுக்குள் வண்டிகள் வரிசையாகத்தான் போக வேண்டும். நிறுத்தக் கூடாது, ஃபோட்டோ எடுக்கக் கூடாது. ராங்கட்டிலிருந்து யெரட்டா ஜெட்டிக்கு ஆட்டோ இருநூறு கேட்டார்கள், நூற்றைம்பதுக்கு முடித்தேன். "லாங் ஐலண்டா தீதி? அங்க இப்ப நெட் வந்துடுச்சு. வேற ஒண்ணும் வரல," என்றார் ஆட்டோக்காரர். அங்கிருந்து படகில் ஒரு மணி நேரம்.

அக்கா வெளுத்துப் போயிருந்தாள். அரிசி களையும்போதே இரண்டு முறை உட்கார்ந்தாள். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"சில மாசமா ரத்தப்போக்கு நிக்கல," என்றாள், பாத்திரத்தைப் பார்த்தபடி.

"ஹெல்த் சென்டர்ல டேப்லெட் வீடியோவுல லேடி டாக்டர் பாக்கறாங்கன்னு நீதானே சொன்னே?"

"மெசேஜ் முருகேசன் அண்ணனுக்கில்ல போகும்."

எனக்குப் புரியவில்லை. அவள் சொன்ன பிறகு சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அந்த டாக்டரைப் பார்க்கப் பதிந்துகொள்ள வேண்டிய சுகாதாரச் செயலி முதலில் வந்த காலத்தில் தீவில் சிக்னல் கிடைத்தது மளிகைக்கடை முருகேசனின் ஃபோனில் மட்டும். பதிவு செய்ய ஓ.டி.பி. வேண்டுமே. ஆகவே ஊர் மொத்தமும் அவர் நம்பரைக் கொடுத்துப் பதிந்துகொண்டது. பிறகு கடலடிக் கேபிள் வந்தது, எல்லா ஃபோனும் பேசியது. நம்பரை மட்டும் யாரும் மாற்றவில்லை. யாருக்கு எந்தப் பிரிவில் அப்பாயின்ட்மென்ட், யாருக்கு என்ன ரிப்போர்ட், எல்லாம் மளிகைக்கடைக்கே போனது. அவரும் அதை ஒரு சேவையாகவே செய்தார். "உங்களுக்கு சுகர் ஏறியிருக்கு, அரைக் கிலோ போதும்" என்று சர்க்கரையைக் குறைத்து நிறுத்துக் கொடுத்தார். மகளிர் நோய்ப் பிரிவு என்று தன் பெயரில் ஒரு மெசேஜ் போனால் மறுநாள் பள்ளி வரை வந்துவிடும் என்று அக்கா பயந்தாள். அதற்காக ரத்தத்தை இழந்துகொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

மறுநாள் ஹெல்த் சென்டரில் நர்ஸ் லிஸி சிஸ்டரைப் பார்த்தோம். நம்பர் மாற்றுவது சுலபம்தான், ஆனால் பழைய நம்பருக்கும் ஒரு ஓ.டி.பி. வரும் என்றார். பழைய நம்பர் முருகேசனின் சட்டைப்பையில், முருகேசன் சரக்கெடுக்க ராங்கட்டில். சாயங்காலப் படகில்தான் வருவார்.

ஜெட்டியில் காத்திருந்தோம். இந்தத் தீவில் படகு வரும் நேரத்தில் ஊரே அங்கேதான் நிற்கும். நான் வாயை அடக்கவில்லை. எல்லோரும் நம்பரை மாற்றுங்கள் என்று ஆரம்பித்தேன், பட்டிமன்றமே கூடிவிட்டது.

"அன்னிக்கு அவர் நம்பர் இல்லேன்னா ஒரு பேர்கூட ஏறியிருக்காது," என்றார் லிஸி சிஸ்டர். அதுவும் நியாயம்தான்.

"அதான் சொல்றேன், இந்த மெஷினே வேணாம். பழையபடி போட் ஏறி ராங்கட் போவோம்," என்றார் வலை பின்னிக்கொண்டிருந்தவர்.

"மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தறதா? மெஷின் நல்ல மெஷின். செஞ்சவங்க மெயின்லேண்ட்ல உக்காந்து, ஆளுக்கொரு ஃபோன் இருக்கும்னு நெனைச்சுட்டாங்க. நாமளும் அப்படியே விட்டுட்டோம்," என்றேன்.

"ஒரே குடும்பம் மாதிரி இருக்கோம். மறைக்க என்ன இருக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

அக்கா எழுந்தாள். கூட்டத்தில் பேசுகிறவள் இல்லை அவள். "எனக்கு உடம்பு சரியில்ல. என்னன்னு டாக்டர்கிட்ட மட்டும்தான் சொல்லுவேன். உங்க யாருக்கும் தெரிய வேணாம்."

படகிலிருந்து இறங்கிய முருகேசன் இதைக் கேட்டபடியே நின்றிருந்தார். முகம் சுருங்கிவிட்டது. "நான் கெட்டது நெனைக்கல டீச்சர். ஊருக்கு நல்லதுன்னுதான்…"

"தெரியும் அண்ணே. அதான் இத்தனை நாளா சொல்ல முடியல."

அவர் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து ஃபோனை எடுத்தார். "டேப் கொண்டாங்க சிஸ்டர். டீச்சர் நம்பர் பஹ்லே, அதுதான் முதல்ல." ஓ.டி.பி. வந்தது, சத்தமாகப் படித்தார், அக்காவின் நம்பர் ஏறியது. பின்னாலேயே ஒரு வரிசை சேர்ந்தது. இருட்டும்வரை அவர் படித்துக்கொண்டே இருந்தார். வலைக்காரரும் கடைசியில் வந்து நின்றார். அன்று நான் சாப்பிட்ட மீன் குழம்பின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. ஜெயித்தவர்கள் சாப்பாடு அப்படித்தான் இருக்கும்.

மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு அக்கா டாக்டரிடம் பேசினாள். நான் வெளியே நின்றேன். மாத்திரை உடனே தொடங்கியது, ஸ்கேனுக்கு என்னோடு போர்ட் பிளேர் வந்தாள். ரிப்போர்ட் ஜங்லிகாட் வீட்டில் காபி குடிக்கும்போது அவள் ஃபோனுக்கு வந்தது. டாக்டர் எழுதியதையும் சேர்த்துப் படித்துவிட்டு, "கட்டிதான், கெட்ட கட்டி இல்லையாம். மாத்திரை போதும், கத்தி வேணாமாம்," என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. காட்டு என்று கை நீட்டினேன். ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். "இது எனக்கு வந்தது."

போகிறவர்கள் கவனத்துக்கு: யெரட்டாவிலிருந்து படகு காலையிலும் மாலையிலும் உண்டு, முந்தின நாளே நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தும் ரொக்கமும் கையில் இருக்கட்டும். எந்தச் செயலியில் பதிந்தாலும் உங்கள் சொந்த நம்பரையே கொடுங்கள். லாலாஜி பேவுக்குக் காட்டு வழியில் நடக்க வேண்டும். தண்ணீரும் பிஸ்கட்டும் முருகேசன் கடையில் கிடைக்கும். சர்க்கரை கேட்டால் இப்போது கேட்டதைக் கேட்டபடி தருகிறார். ஊரில் யாருக்கு என்ன என்று கேட்டுப் பாருங்கள், பிப்ரவரி வரை எல்லாம் சொல்லுவார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது.