ஆள் இல்லை என்று எழுதிய கட்டடம்

அரசு விற்ற அந்தக் கட்டடத்தில் யாரும் குடியிருக்கவில்லை என்று பன்னிரண்டு வருடம் எழுதியவள் நான்தான். கையெழுத்தும் என்னுடையதுதான். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

திருவனந்தபுரத்தில், அரசுக்குச் சொந்தமான பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தேன். பராமரிப்பு என்பதெல்லாம் பெரிய வார்த்தை. வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து, எத்தனை ஓடு உடைந்திருக்கிறது, எந்த உத்தரத்தைச் செல் அரித்திருக்கிறது, சுவரில் எங்கே ஆலங்கன்று முளைத்திருக்கிறது என்று பதிவேட்டில் எழுதிவிட்டு வருவோம். அடுத்த வருடம் போனால் ஆலங்கன்று இன்னும் கொஞ்சம் வளர்ந்திருக்கும். அதையும் எழுதுவோம்.

என் பொறுப்பில் இருந்தவற்றில் ஒன்று பழவங்காடிக்குப் பின்னால் இருந்த வண்டிப்புரை. ராஜா காலத்தில், கோட்டைக்கு வரும் விருந்தாளிகளின் குதிரை வண்டிகளை நிறுத்துவதற்காகக் கட்டியது. வெட்டுக்கல் சுவர், தேக்கு உத்தரம், வண்டி நுழையும் அகலத்துக்கு ஐந்து வளைவுகள். பிற்காலத்தில் அது அரிசிக் கிடங்கானது, அதன் பின் பழைய ஃபைல்களின் கிடங்கானது. ஃபைல்களும் புதுக் கட்டடத்துக்குப் போன பிறகு காலியாகிவிட்டது. காலி என்று பதிவேடுதான் சொன்னது. ஓரத்து வளைவில் ஓர் இஸ்திரி மேசை இருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் இஸ்திரி போடுகிறவரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள்.

தென்காசிப் பக்கத்துக்காரர்கள். நான் வேலையில் சேருவதற்கு முன்பே அங்கே வந்துவிட்டவர்கள். அவர்களுடைய ஒரே மகள் அந்த அறையில்தான் வளர்ந்து, கல்யாணமாகி நாகர்கோவில் போனாள். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். தமிழ் பேசுகிற உழைப்பாளி எவரானாலும் இந்த ஊர் மலையாளிகளுக்கு அண்ணாச்சிதான். நானும் தமிழச்சிதான், ஸ்ரீவராகத்துத் தெருவில் பிறந்து வளர்ந்தவள். ஆனால் எனக்கு யாரும் அப்படிப் பொதுப்பெயர் வைக்கவில்லை. நானும் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டேன். என் வாயில் அது மரியாதைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சிரட்டைக் கரி போட்ட பெட்டியால் அவர் தேய்த்துக் கொடுக்கும் பருத்திப் புடவை, சாயங்காலம் வீடு திரும்பும் வரை மடிப்புக் கலையாது.

பதிவேட்டில் பதினோராவது கட்டம் ‘குடியிருப்போர் விவரம்’. எனக்குப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்ற மனிதர், அந்தக் கட்டத்தில் விரலை வைத்து, “இங்கே இல்லைன்னு எழுதினா மதி. பாவங்கள், பிழைச்சுப் போட்டே” என்றார், பாதி மலையாளமும் பாதி தமிழுமாக. இல்லை என்று எழுதினால் போதும், ஏழைகள், பிழைத்துப் போகட்டும் என்று அர்த்தம். அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் எழுதியிருந்தார். ஆள் இருக்கிறது என்று எழுதினால் ஆக்கிரமிப்பு என்று ஒரு ஃபைல் திறக்கும். நோட்டீஸ் போகும், போலீஸ் வரும், அண்ணாச்சி தெருவுக்கு வந்துவிடுவார். ‘இல்லை’ என்று எழுதினால் யாருக்கும் தொல்லையில்லை. எனக்கும் தொல்லையில்லை என்பதை நான் அப்போது வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. இரக்கமும் சோம்பலும் ஒரே வார்த்தையில் நிறைவேறின. நான் இரக்கத்தை மட்டும் என் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

எனக்கு மனசாட்சி வேறு இருந்தது, அதுதான் வேடிக்கை. கண்ணெதிரே ஆளைப் பார்த்துக்கொண்டு ‘இல்லை’ என்று எழுத மாட்டேனாம். அதனால் ஒரு வழக்கம் உண்டாயிற்று. ஆய்வுக்கு முந்தின நாள் எங்கள் ஆபீஸ் பியூன் போய்ச் சொல்லிவிடுவார். மறுநாள் காலையில் மேசை தள்ளுவண்டியில் ஏறிவிடும். துணி மூட்டை, பானை, பாய், கொடிக்கயிறு எல்லாம் அதன் மேல். அண்ணாச்சியின் மனைவி கரிச்சாம்பலைக் கூட்டி வழித்து, தரையைக் கழுவி விட்டிருப்பாள். இருவரும் எதிர்ப்பக்கம் பூக்கடை ஓரத்தில் வண்டியோடு நிற்பார்கள், யாரோ வழிப்போக்கர்கள் மாதிரி. நான் வந்து, ஓடுகளை எண்ணி, ‘இல்லை’ என்று எழுதி முடித்ததும் அண்ணாச்சி அங்கிருந்து கையைத் தூக்கிக் காட்டுவார். நான் ஆபீஸ் படியேறும்போது இங்கே மேசை இறங்கியிருக்கும்.

“எங்க ஊர்ல சாமி வீதியுலா வரும்போதுதாம்மா இப்படி வாசல ஒழிச்சு, கழுவி விடுவோம். நீங்க வாறதும் எங்களுக்கு அப்படித்தான்” என்று அவள் ஒரு தடவை சொன்னாள். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

எங்கள் பிரிவிலேயே ஒருவர் இருந்தார், சரியான சிடுமூஞ்சி. வித்துராப் பக்கத்துக் கட்டடங்கள் அவர் பொறுப்பு. அங்கே பொன்முடி போகும் வழியில் ஒரு பழைய பயணியர் விடுதி, அதன் வராந்தாவில் ஒரு பெண்பிள்ளை தனியாக டீக்கடை வைத்திருந்தாள். இந்த மனிதர் வருடா வருடம் அவள் பெயர், வயது, எத்தனை அடிக்கு எத்தனை அடி இடம் என்று ஒன்று விடாமல் எழுதி, காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் அனுப்புவார். ஃபைல் ஏதாவது மேசையில் தூங்கிவிடும். அடுத்த வருடம் மறுபடியும் நோட்டீஸ். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் நாங்கள் அவரைக் கரித்துக் கொட்டுவோம். நெஞ்சில் ஈரமில்லாத மனுஷன் என்று அதிகம் சொன்னவள் நான்தான்.

நான் ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது அந்த உத்தரவு வந்தது. அரசுக்குத் தேவைப்படாத பழமையான கட்டடங்களை விற்கப் போகிறார்கள். தொடர்ந்து பத்து வருடம் யாரும் பயன்படுத்தாதவை முதல் பட்டியல். பட்டியலில் நான்காவதாக வண்டிப்புரை இருந்தது. என் ‘இல்லை’களைக் கூட்டிப் பார்த்துத்தான் அதைச் சேர்த்திருந்தார்கள். அடுத்த பக்கத்தில் இன்னொரு விதி. விற்கும் கட்டடத்தில் ஏற்கெனவே இருப்பவர்களாகப் பதிவேட்டில் காணப்படுவோருக்குக் கடை வைக்க மாற்றிடமும், தங்க ஓர் அறையும் தரப்படும்.

அடுத்த பட்டியலில் இருந்த வித்துரா விடுதியின் டீக்கடைக்காரிக்கு மாற்றிடம் கிடைத்துவிட்டது. வருடத்துக்கு ஒன்றாக அவள் பத்திரப்படுத்தியிருந்த நோட்டீஸ்களே அவளுக்குச் சாட்சி. சிடுமூஞ்சி மனிதர் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் என் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். “ரிட்டயர் ஆற நேரத்துல எதுக்கு நீயா போய்த் தலையைக் குடுக்கறே?” என்றார் என் கணவர். மறுநாள் தலையைக் கொடுத்தேன். பன்னிரண்டு வருடமும் நான் எழுதியது தவறு, அங்கே ஒரு தம்பதி குடியிருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி, எங்கள் சூப்பரின்டென்டிடம் கொண்டுபோனேன். என்னைவிட வயதில் சிறியவர், நல்ல மாதிரி. படித்துவிட்டுத் தாளை என் பக்கமே தள்ளினார்.

“சேச்சி, இதை நான் வாங்கினா முதல் ஆக்‌ஷன் சேச்சி மேலதான் வரும். பென்ஷன் நிக்கும். இது வேண்டா. நான் வேற செக்‌ஷன்ல இருந்து ஒரு இன்ஸ்பெக்‌ஷன் போடறேன். அவங்க போய் ஆள் உண்டுன்னு கண்டா, அதையே ரிப்போர்ட்டா வச்சு இடம் வாங்கிக் கொடுக்கலாம்.”

எனக்குக் கும்பிடத் தோன்றியது. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். நேரே பழவங்காடிக்குப் போய் அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொல்வதென்றால், உங்கள் கூரை போவதே என்னால்தான் என்பதில் ஆரம்பிக்க வேண்டும். அதற்கு எனக்கு வாய் வரவில்லை. இடம் கிடைத்ததும் நல்ல செய்தியாகப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். தினமும் ஸ்ரீவராகத்திலிருந்து நடந்து அந்த வழியாகத்தான் ஆபீஸ் போனேன். தினமும் அவர் “வாங்கம்மா” என்றார். நானும் சிரித்துவிட்டுப் போனேன்.

ஆய்வு எந்த நாள் என்று வேறு செக்‌ஷன்காரர்கள் எங்களுக்குச் சொல்லவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் போய் உட்கார்ந்ததும் பியூன் என் மேசைக்கு வந்து குனிந்து, “மேடம், பேடிக்கண்டா, பயப்பட வேண்டா. அவங்க வண்டிப்புரைக்கு இன்னிக்கு வராங்கன்னு அங்கத்த பியூன்கிட்ட அறிஞ்சதும், நேத்தே போயி அண்ணாச்சிகிட்ட பறஞ்சாச்சு” என்றார்.

அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

ஆட்டோ பிடித்துப் போனேன். வண்டிப்புரை வாசலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஓர் அதிகாரி, அவருடன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர். ஓரத்து வளைவு கழுவித் துடைத்து ஈரமாக இருந்தது. கரித்தூள் ஒரு துளி இல்லை. எதிரே பூக்கடை ஓரத்தில் தள்ளுவண்டி, அதன் மேல் மேசையும் மூட்டையும், பக்கத்தில் அவர்கள் இருவரும். என்னைக் கண்டதும் அண்ணாச்சி வழக்கம்போல் கையைத் தூக்கிக் காட்டினார்.

அதிகாரியிடம் போய், “இங்கே ஆள் இருக்கா சார், அதோ நிக்கறாளே, அவாதான்” என்றேன். படபடப்பில் வீட்டுத் தமிழ் வந்துவிட்டது. அதையே மலையாளத்தில் இன்னொரு தடவை சொன்னேன். அவர் ரோட்டைத் தாண்டிப் பார்த்தார். தள்ளுவண்டிக்காரர் ஒருவர் நிற்பதுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

“அண்ணாச்சி, வாங்கோ! நீங்க இங்கேதான் இருக்கேள்னு இவர்கிட்ட சொல்லுங்கோ!” என்று கத்தினேன்.

அண்ணாச்சி மெதுவாக ரோட்டைக் கடந்து வந்தார். என் முகத்தையும் அதிகாரி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் எதிலோ மாட்டிக்கொண்டேன், தன்னால் எனக்கு ஏதோ ஆபத்து என்று அவர் முடிவு செய்துவிட்டது எனக்குத் தெரிந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“இல்ல சார். நான் சும்மா ரோட்டோட போற ஆளு. இங்கன யாருமே கிடையாது. அந்த அம்மா ஒரு தப்பும் செய்யல சார்.”

“அண்ணாச்சி, இன்னிக்கு அப்படிச் சொல்லக் கூடாது, நிஜத்தைச் சொல்லுங்கோ” என்றேன். அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் அவர் இன்னும் உறுதியானார். “சத்தியமா சார். நமக்கு ஊரு தென்காசி. ரேஷன் கார்டுகூட அங்கதான் இருக்கு” என்று சட்டைப் பையிலிருந்து அதன் நகலை எடுத்து நீட்டினார். அதிகாரி அதையும் படம் எடுத்துக்கொண்டார்.

அறிக்கையில் என்ன எழுதினார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. சூப்பரின்டென்ட் அதை என்னிடம் காட்டி, “அந்த ஆளே இல்லைன்னு சொல்லியிருக்கான் சேச்சி. இனி நான் என்ன செய்ய?” என்றார். என் கைப்பையில் இருந்த தாளை மறுபடியும் நீட்டினேன். இந்தத் தடவை வாங்கிக்கொண்டார். பதிவேட்டுக்கும் கள ஆய்வுக்கும் முரணாக இருப்பதால் ஏற்பதற்கில்லை என்று அது இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. என் மேல் நடவடிக்கைகூட எடுக்கவில்லை. தண்டித்திருந்தால் நான் சொன்னது உண்மையென்று ஆகியிருக்குமே.

அதற்குப் பிறகுதான் அவர்களிடம் சொன்னேன். மேசை ஓரத்தில் நின்று, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும். அண்ணாச்சி தேய்ப்பதை நிறுத்திப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார். அவர் மனைவி சாம்பல் வாளியோடு அசையாமல் நின்றாள். வித்துரா டீக்கடைக்காரியைப் பற்றிச் சொன்னபோது மட்டும் அவர் குறுக்கே பேசினார்.

“அப்ப எங்களுக்கும் ஒரு நோட்டீஸ் தந்துருங்கம்மா. காலி பண்ணச் சொல்லி. பழைய தேதி போட்டு ஒண்ணே ஒண்ணு போதும்.”

“அது முடியாது அண்ணாச்சி.”

“இத்தன வருசத்துல ஒருக்காகூட எங்கள விரட்டலியேம்மா நீங்க” என்றாள் அவர் மனைவி. அவள் குற்றமாகச் சொல்லவில்லை. எப்போதும் நன்றியோடு சொல்வாளே, அதே குரல்தான். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

மகள் வீட்டுக்கு நாகர்கோவில் போனார்கள். மருமகன் வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும் என்று அண்ணாச்சி கேட்டார். தேய்க்கக் கொடுத்திருந்த என் புடவையைச் செய்தித்தாளில் சுற்றிப் பூக்கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதை நான் இன்னும் பிரிக்கவில்லை.

ஏலம் எடுத்தவர்கள் ஹோட்டல் கட்டப் போகிறார்களாம். வளைவுகளை அப்படியே வைத்துக்கொள்வார்களாம், பழமைக்கு நல்ல மதிப்பாம். சாவியை ஒப்படைக்க நான்தான் போக வேண்டியிருந்தது. அநேகமாக என் சர்வீஸின் கடைசி வேலை. ஓரத்து வளைவில், மேசை நின்ற இடத்தில் தரை கறுத்துக் கிடந்தது. இந்தத் தடவை யாரும் கழுவி விடவில்லை. வாங்கியவர்களின் ஆள் அதைச் செருப்புக் காலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, என்ன கறை என்று கேட்டான். கரி என்றேன்.

ஒப்படைப்புப் படிவத்திலும் அதே கட்டம் இருந்தது. ‘இல்லை’ என்று எழுதினேன். முதல் தடவையாக அது உண்மையாக இருந்தது. எழுதி முடித்துவிட்டு, பழக்கதோஷத்தில், எதிர்ப்பக்கம் பூக்கடையைப் பார்த்தேன். கையைத் தூக்கிக் காட்ட அங்கே யாரும் இல்லை.