தென்னாப்பிரிக்க ஜாஸ் குழுவுக்கு மைக் வைத்த கதை

கச்சேரி நன்றாக அமைந்தால் பாடகருக்குப் பேர், கெட்டுப்போனால் மைக்செட்காரனுக்குத் திட்டு. சமையல்காரர்களும் பஸ் டிரைவர்களும் இதைப் படித்துத் தலையாட்டுவார்கள் என்று நம்புகிறேன். அவர்கள் படும் பாடும் இதுதான்.

எழுபதுகளில் எனக்கு மாண்ட்ரியலில் ஒரு கம்பெனியில் இன்ஜினீயர் வேலை. கோடை வந்தால் ஓர் இசை விழாவுக்கு ஒலி அமைப்பும் செய்வேன். என்னோடு வயர் இழுத்தவர் யாழ்ப்பாணத்து யோகநாதன். மேடைப் பொறுப்பு லூசியனிடம். கியூபெக்காரர், பேச்சு குறைவு. ஒரு வருஷம் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறி லண்டனில் இருந்த ஜாஸ் குழு ஒன்று வந்தது. நான் சொல்லப்போவது அவர்களைப் பற்றித்தான்.

உடை எங்கே?

முதல் நாள் அவர்கள் கறுப்பு கோட்டும் டையுமாக வந்து இறங்கினார்கள். வரவேற்க வந்திருந்த விழாக் குழு அம்மையாரின் முகம் வாடிவிட்டது. புலித்தோல், இறகு, பெரிய முரசு என்று என்னவெல்லாமோ எதிர்பார்த்திருப்பார் போல. "உங்க நாட்டு உடை எதுவும் கொண்டுவரலையா?" என்று இதமாகத்தான் கேட்டார்.

எனக்கு இது பழகிய கேள்வி. இந்த ஊரில் என்னைப் பார்க்கிறவர்களில் பாதிப்பேர், சிதார் வாசிப்பாயா என்று கேட்டிருக்கிறார்கள். நான் அசட்டுச் சிரிப்புச் சிரித்து நழுவிவிடுவேன். குழுவின் பியானோக்காரர் நழுவவில்லை. வயதானவர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "அம்மா, எங்க அப்பாவை இந்த மாதிரி கோட்டு போட்டுத்தான் அடக்கம் செஞ்சோம். இதைவிட மரியாதையான உடை எங்ககிட்ட இல்லை."

நோமாவுக்குத் தெரிந்த தமிழ்

ஒத்திகையின்போது ஒலிபெருக்கியில் ஒரு இரைச்சல். "அண்ணை, அந்த வயரை இஞ்சால இழுங்கோ, சத்தம் வருது" என்றார் யோகநாதன். "சத்தம் இங்கிருந்து இல்லைங்க, அந்தப் பக்கம்" என்றேன். மேடையில் நின்ற பாடகி நோமா சட்டென்று திரும்பினார். இறங்கி வந்து, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சத்தம் போடாதி" என்று மழலைத் தமிழில் சொன்னார்.

டர்பன் நகரத்தில் அவருடைய பக்கத்து வீடு தமிழர் வீடு. அங்கே குடியிருக்க நோமாவின் குடும்பத்துக்கு அனுமதிச் சீட்டு கிடையாது. போலீஸ் சோதனைக்கு வந்தால் தாய் பிள்ளைகளை வேலிக்கு மேலே தூக்கிக் கொடுப்பாராம். பக்கத்து வீட்டு அம்மா அவர்களைக் கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்து, போலீஸ் போகும்வரை இதே வார்த்தையைக் காதருகே சொல்லிக்கொண்டிருப்பாராம். பிறகு அரசாங்கம் அந்தத் தெருவையே இடித்தது. கறுப்பர்களை ஒரு மூலைக்கும் இந்தியர்களை இன்னொரு மூலைக்கும் அனுப்பியது. அந்த அம்மாவை நோமா மறுபடி பார்க்கவே இல்லை. "அது ஏதோ ஆசீர்வாதம்னு நினைச்சிருக்கேன். மேடை ஏறும்போதெல்லாம் மனசுக்குள்ள சொல்லிப்பேன். அதுக்கு என்ன அர்த்தம்?"

யோகநாதன் என் கையைப் பிடித்தார். "உண்மையைச் சொல்லாதேங்கோ அண்ணை. ஆசீர்வாதம் எண்டே இருக்கட்டும்." எனக்குப் பொய் சொல்ல வரவில்லை, சொல்லிவிட்டேன். நோமா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அப்படின்னா இத்தனை வருஷமா நான் அவங்க பேச்சைக் கேட்கவே இல்லை."

அறிவிக்கக் கூடாத பெயர்

குழுவில் சாக்ஸபோன்காரர் மட்டும் புதியவர். மற்றவர்கள் அரசாங்கத்தை எதிர்த்துப் பேசியவர்கள். ஊர் திரும்பினால் சிறை. இவருடைய மனைவியும் பிள்ளைகளும் இன்னும் ஜோகானஸ்பர்க்கில் இருந்தார்கள். "நான் இவங்களோட வாசிக்கிறது அங்கே தெரிஞ்சா போலீஸ் என் வீட்டுக்குத்தான் போகும். என் பெயர் மட்டும் வெளியே வரக்கூடாது" என்று கேட்டுக்கொண்டார். கச்சேரி ரேடியோவில் நேரடியாக ஒலிபரப்பாகிறது. அறிவிப்பாளர் சரி என்று தலையாட்டினார்.

கச்சேரி முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. அந்தப் பரவசத்தில் அறிவிப்பாளர் ஒவ்வொருவர் பெயராகக் கூவ ஆரம்பித்தார். நோமா, பியானோக்காரர், டிரம்ஸ்காரர்... அடுத்து சாக்ஸபோன் பக்கம் கையை நீட்டினார். சாக்ஸபோன்காரர் முகத்தில் ரத்தமே இல்லை. நான் அறிவிப்பாளர் மைக்கின் சுவிட்சை அணைத்துவிட்டேன். அறிவிப்பாளரின் வாய் அசைந்தது. அரங்கத்திலும் சத்தம் இல்லை, ரேடியோவிலும் இல்லை. பின்வரிசையில் சீட்டியடித்தார்கள். "என்ன அண்ணை, மைக் செத்துப்போச்சே!" என்று பதறினார் யோகநாதன்.

அறிவிப்பாளர் கோபமாக ஓடிவந்தார். "யார் பெயரைச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டேன். அப்படியே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். ஆனால் ஒலிபரப்பைக் கவனித்த ரேடியோக்காரருக்குக் காரணம் வேண்டும். அதைச் சொன்னால் மறைத்ததே வெளிவந்துவிடும். மைக் பழுது, என் கவனக்குறைவு என்று ஒப்புக்கொண்டேன். அவர் வாயில் வந்ததையெல்லாம் கேட்டு முடித்துத் திரும்பினால் சாக்ஸபோன்காரர் நின்றிருந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "என் பெண்டாட்டி நாளைக்கு வழக்கம்போல வேலைக்குப் போவா. அதுக்கு யார் காரணம்னு அவளுக்குத் தெரியவே தெரியாது."

லூசியனின் தொலைபேசி

அடுத்த கோடையில் விழாவிலிருந்து என்னைக் கூப்பிடவில்லை; யோகநாதனைத்தான் கூப்பிட்டார்கள். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். மாண்ட்ரியலுக்கு வெளியே பியர்பொன்ட்ஸில் இருந்த என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு நாள் லூசியன் தொலைபேசியில் அழைத்தார். அவர் என் வீட்டுக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. எதைச் சொல்வதானாலும் சுருக்கமாகச் சொல்கிறவர், அன்றைக்கும் ஒரே வாக்கியம்தான்: "சாக்ஸபோன்காரரோட மனைவியும் பிள்ளைகளும் லண்டன் வந்து சேர்ந்துட்டாங்க, இப்போ அந்தப் பெயரை நீ தாராளமா சொல்லலாம்."

இத்தனை வருஷ மைக் வேலையில் நான் மிகச் சரியாகச் செய்த காரியம் அன்றைக்கு மைக்கை அணைத்தது ஒன்றுதான், என் விழா வேலை போனதும் அதனால்தான்.