வாயை மட்டும் அசைத்தவர்

மலேசியாவின் ஈப்போ நகரில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிறவன் நான். முப்பது பேரில் எவர் குரலும் தனியாகத் தெரியக்கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம். அந்தோணியம்மா அக்காவின் குரல் மட்டும் தனியாகத் தெரியும். கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், தூரத்து ஆட்களைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. தவக்கால இசை நிகழ்ச்சிக்கு முதல் நாள் அவரைத் தனியே அழைத்தேன்.

“அக்கா, நாளைக்கு வாயை மட்டும் அசைங்க. சத்தம் வேணாம்லா.”

என்னையே பார்த்தார். “சரி மாஸ்டர்.”

மறுநாள் எல்லாக் குரலும் ஒரே குரலாக ஒலித்ததாகப் பங்குச் சாமியார் பாராட்டினார். நான் பூரித்து நின்றபோது, அக்கா தன் கணவரைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். சர்க்கரை நோயில் அவருக்குக் கண் போனது அதுவரை எனக்குத் தெரியாது.

“நல்லா இருந்துச்சு மாஸ்டர். ஆனா இவ கொரல மட்டும் காணோமே? அதைக் கேக்கத்தான் வந்தேன்.”

அக்கா முந்திக்கொண்டார். “பாடுனேன்லா. அத்தன பேரு பாடுறப்ப எப்படித் தனியா கேக்கும்?”

“ஒன் கொரலு எனக்குத் தெரியாதா?”

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். “அக்கா பாடுனாங்கண்ணே,” என்றேன்.

அதன்பின் அக்கா பயிற்சிக்கு வரவில்லை.

அன்றைய பதிவு என் கைப்பேசியில் இருக்கிறது. ஒரு பிசிறும் இல்லை. இதுவரை ஒரு முறைகூட அதை முழுதாகக் கேட்க என்னால் முடிந்ததில்லை.